ஓரி கொடுத்த வேரி: கொல்லிமலையின் பழைய மதுவும் அதன் சுவைக் குறிப்பும்

கடையெழு வள்ளல்களின் பெயர்களைப் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடாமல் ஒப்பித்தவர்களுக்கு வல்வில் ஓரி என்றதும் ஞாபகம் வருவது ஒரே ஒரு அம்புதான். யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றருகே இருந்த உடும்பில் போய்ச் செருகி நின்ற அம்பு. புறநானூறு 152-ஆம் பாட்டு, பாடியவர் வன்பரணர். கொல்லிமலையில் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஒவ்வொரு ஆடி மாதமும் அரசு விழா எடுக்கிறது. விழாவில் வில் வித்தைப் போட்டியும் உண்டு. எல்லாம் அந்த அம்புக்காக!

ஆனால் அதே பாட்டின் பின்பகுதியில் யாரும் கண்டுகொள்ளாத இன்னொரு விஷயம் இருக்கிறது. வேட்டை முடிந்த காட்டில், வந்தவன் யாரென்று தெரியாமலே பாணர் கூட்டம் அவன் முன் இசை பாடுகிறது. தன் பெயரைப் புகழ்ந்து கேட்டதில் அவன் வெட்கப்படுகிறான். பிறகு வேட்டையில் கிடைத்த மான் இறைச்சியை வேகவைத்துக் கொடுக்கிறான், கூடவே குடிக்க 'வேரி'யும், மலையில் கிடைத்த பொன்னும் மணியும். அந்த வேரி எப்படி இருந்தது என்று புலவர் ஒரே உவமையில் சொல்லிவிட்டுப் போகிறார். பசுவின் நெய்யை உருக்கினால் எப்படி இருக்குமோ அப்படி.

சாதாரண உவமைதான் என்று தாண்டிப் போய்விடலாம். உரையாசிரியர்களும் பெரும்பாலும் அப்படித்தான் போகிறார்கள். ஆனால் இன்று உலகம் முழுக்க மது வகைகளைச் சுவைத்து மதிப்பெண் போடுகிற நடுவர்களிடம் இந்த வரியைக் கொடுத்தால் அவர்கள் இதை உவமை என்று சொல்ல மாட்டார்கள், சுவைக் குறிப்பு என்பார்கள். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் வன்பரணரின் நெய் விளங்கும்.

பியர் வகைகளிலேயே வீரியம் மிகுந்த ஒன்றுக்கு 'பார்லி வைன்' என்று பெயர். பெயரில் வைன் இருந்தாலும் திராட்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முளைகட்டிய பார்லியில் செய்த ஏல் வகைதான். ஆல்கஹால் மட்டும் வைன் அளவுக்கு, 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். சாதாரண பியரில் 5 சதவீதம் இருந்தாலே அதிகம் என்பதை நினைவில் கொள்ளவும். இங்கிலாந்தின் பாஸ் நிறுவனம் தன் 'நம்பர் 1' ஏலை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தப் பெயரோடு விற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் 1975-ல் ஆங்கர் நிறுவனத்தின் 'ஓல்ட் ஃபாக்ஹார்ன்' வந்தது, 1983-ல் சியரா நெவாடாவின் 'பிக்ஃபுட்' வந்தது. இங்கிலாந்தின் டார்செஸ்டர் நகரில் 1968-ல் எழுத்தாளர் தாமஸ் ஹார்டியின் நினைவாக ஒரு வீரிய ஏல் காய்ச்சினார்கள். அதைப் பாட்டிலில் 25 ஆண்டுகள் வரை வைத்துக் குடிக்கலாம் என்றார்கள்.

25 ஆண்டுகளா? பியர் கெட்டுப் போகாதா? போகும், சாதாரண பியராக இருந்தால். இதில் ஆல்கஹாலும் மிச்ச இனிப்பும் அதிகம். அதனால் நுண்ணுயிர்கள் எளிதில் பெருக முடியாது. வைக்க வைக்க அதன் முரட்டுத்தனம் குறைந்து, உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், காய்ச்சிய வெல்லப்பாகு போன்ற வாசனைகள் ஏறிக்கொண்டே வரும். அதாவது பழசாவது இதற்கு ஒரு குறை இல்லை, ஒரு தகுதி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளவும், கொல்லிமலைக்குத் திரும்பும்போது தேவைப்படும்.

போட்டிகளில் நடுவர்கள் 50 மதிப்பெண்ணுக்குத் தாள் திருத்துகிறார்கள் (ஆம், கிட்டத்தட்ட நம் தேர்வு மாதிரியேதான்). 1985-ல் அமெரிக்காவில் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டத்தின் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. தோற்றம் என்றால் நிறம், தெளிவு, நுரை. வாயில் உணரும் தன்மை என்றால் தண்ணீர் போல ஓடுகிறதா, கொழகொழப்பாக நிற்கிறதா, தொண்டையில் இதமான சூடு தருகிறதா அல்லது எரிகிறதா என்பது. பார்லி வைனுக்கு இந்தக் கடைசி விஷயம் ரொம்ப முக்கியம். இதமான சூடு இருந்தால் நல்லது, ஸ்பிரிட் குடித்த மாதிரி எரிந்தால் மதிப்பெண் போய்விடும்.

இப்போது வன்பரணரின் உவமைக்கு வரலாம். உருக்கிய பசு நெய் என்றால் என்ன? முதலில் நிறம். பசு நெய் பொன் மஞ்சளாக இருக்கும், தீவனத்திலிருக்கும் கரோட்டின் பாலில் இறங்குவதால் வரும் நிறம் அது. எருமை நெய் வெளுப்பு. வெறும் நெய் என்று சொல்லியிருந்தால் நிறம் சந்தேகத்தில் போயிருக்கும். 'ஆன்' என்று சேர்த்ததால் சந்தேகமே இல்லை. இரண்டாவது தெளிவு. உறைந்த நெய் மணல் மணலாக, கலங்கலாக இருக்கும். உருக்கினால்தான் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். மூன்றாவது கெட்டித்தன்மை. ஊற்றும்போது கம்பியாக விழும், நாக்கில் வழுவழுப்பாகப் படியும். தோற்றத்துக்கும் வாயில் உணரும் தன்மைக்குமான மதிப்பீடு இரண்டே சொல்லில் முடிந்தது!

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர முடியும். ஓரி கொடுத்தது அன்று இறக்கிய பனங்கள்ளோ தென்னங்கள்ளோ இல்லை. கள் பால் வெள்ளையாக, கலங்கலாக, நுரைத்துக்கொண்டு, தண்ணீர் போல ஓடும். அதைப் பார்த்து யாருக்கும் உருக்கிய பசு நெய் ஞாபகம் வராது. தவிர, கள் காலையில் இறக்கினால் மாலைக்குள் புளிக்கும், ஓரிரு நாளில் காடி ஆகிவிடும். நடுக்காட்டில் வேட்டைக்குப் போனவன் கையில் வைத்திருந்து வந்தவர்களுக்குக் கொடுக்கக்கூடிய சரக்கு, வைத்தால் கெடாததாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்படியானால் எது? கொல்லிமலையைப் பார்த்தவர்களுக்குப் பதில் சுலபம். கடல் மட்டத்திலிருந்து 1000 முதல் 1300 மீட்டர் உயரம், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, பைல் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்திருக்கும் மலை அது. இன்றைக்கும் அங்கே பெயர் பெற்றவை பலாவும் தேனும். வயல்களில் சாமை, தினை, கேழ்வரகு. தேன், பழம், தானியம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது பனை மரத்தைத் தேடி அடிவாரத்துக்கு இறங்க வேண்டிய அவசியம் என்ன?

மலைக்குறவர்கள் மது செய்த விதத்தை அகநானூறு 348-ஆம் பாட்டு கிட்டத்தட்டச் சமையல் குறிப்பாகவே சொல்கிறது. நன்றாகப் பழுத்த மாம்பழம், அதோடு பலாச்சுளை, அதோடு தேனடை. கலந்து நீண்ட மூங்கில் குழாயில் ஊற்றி முதிர விடுகிறார்கள். முதிர்ந்ததும் அதன் கடுமை பாம்பின் நஞ்சைப் போல இருக்கிறதாம். முதலில் மலையில் உறையும் கடவுளுக்குப் படையல். பிறகு பெண்கள் ஊற்றிக் கொடுக்க ஆண்கள் குடிக்கிறார்கள், குடித்துவிட்டுத் தினைப்புனம் காக்க மறந்துபோகிறார்கள். யானை வந்து தினையைத் தின்றுவிடுகிறது! அப்புறம் சிறியவர் பெரியவர் எல்லோரும் வில்லைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். மூங்கிலில் முதிர்ந்த மது குறிஞ்சி நிலத்துக்கு அவ்வளவு பொதுவான விஷயம். ஆய் அண்டிரனைப் பாடிய புறநானூறு 129-லும் வருகிறது, திருமுருகாற்றுப்படையிலும் வருகிறது, மலைபடுகடாத்திலும் வருகிறது.

மூங்கில் என்ன செய்கிறது? மது காடியாக மாறுவதற்குக் காரணமான பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். கணுவோடு வெட்டி வாயை அடைத்த மூங்கில் குழாயில் காற்று அதிகம் புகாது. பாரியைப் பாடிய கபிலர் புறநானூறு 120-ல் நிலத்தில் புதைத்து முதிரவைத்த மதுவைச் சொல்கிறார். அங்கேயும் அதே தர்க்கம்தான், மண்ணுக்குள் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது, வெயில் படாது. இன்றைய மதுக்கிடங்குகளைப் பாதாளத்தில் கட்டுவதும் இதற்காகத்தான்.

அடுத்து வீரியம். ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை முழுவதும் நொதித்தால் 1 சதவீதம் ஆல்கஹால் கிடைக்கும். தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரை. ஒரு பங்கு தேனுக்கு இரண்டு மூன்று பங்கு தண்ணீர் விட்டால்கூட லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் சர்க்கரை நிற்கும். கணக்குப் போட்டால் 12 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதாவது பார்லி வைனின் உச்ச அளவு. எல்லாச் சர்க்கரையையும் ஈஸ்ட் தின்றுவிடாது என்பதால் கொஞ்சம் இனிப்பும் கொழகொழப்பும் மிஞ்சும். உருக்கிய நெய்யின் கெட்டித்தன்மை எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

சங்கப் பாடல்களில் பழைய மதுவைத்தான் உயர்த்திப் பேசுகிறார்கள் என்பதும் இதோடு பொருந்துகிறது. நாட்பட்டது, பழையது, முதிர்ந்தது என்ற அடைமொழிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார் (புறநானூறு 392) அவன் கொடுத்த நாட்பட்ட தேறல் தேள் கொட்டினாற்போலக் கடுத்தது என்கிறார், அதுவும் பொற்கிண்ணத்தில். சிறுபாணாற்றுப்படையில் சீறும் பாம்பு உவமையாக வருகிறது. மெலிந்த மதுவை நாட்கணக்கில் வைத்தால் கிடைப்பது காடிதான், தேள் கொட்டாது, பல்தான் கூசும். 'நாட்பட்ட' என்பது பாராட்டாக இருக்க வேண்டுமென்றால் மது வீரியமாக இருந்தே ஆக வேண்டும். புலவர்கள் மிகைப்படுத்தினார்கள் என்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் இந்த வேதியியலைக் கவனிப்பதில்லை.

ஒன்று மட்டும் வேடிக்கை. ஔவையாரின் தேள் இன்றைய பார்லி வைன் மேசைக்குப் போனால் 'ஆல்கஹால் எரிச்சல்' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். ஓரியின் நெய்க்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். தகடூரும் கொல்லியும் அப்படி ஒன்றும் தூரமில்லை, ஆனால் இரண்டு புலவர்கள் இரண்டு குணங்களைப் புகழ்கிறார்கள். ஒருவருக்குக் கடுப்பு பிடிக்கிறது, ஒருவருக்கு வழுவழுப்பு பிடிக்கிறது. 'மது வர்ணனை' என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிவைத்தால் இந்த வித்தியாசம் தெரியாமலே போய்விடும்.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். தேறல் என்றால் தெளிந்தது, அரியல் என்றால் வடிகட்டியது, பிழி என்றால் பிழிந்தது. நறவு என்ற சொல்லில் நறுமணம் இருக்கிறது. மகிழ் என்பது குடித்த பின் வருவது! ஓரி கொடுத்த 'வேரி'க்கும் அகராதிகள் தேன், வாசனை, கள் என்ற பொருள்களைத் தருகின்றன. நடுவர் தாளில் உள்ள தலைப்புகளை ஏற்கெனவே பெயர்களாக வைத்திருந்த மொழி இது. இன்றைய தமிழில் மிச்சம் இருப்பது கள், சாராயம், பிறகு 'சரக்கு'. 

சரி, தானியத்தில் செய்த மது? பார்லி வைனுக்கு நேரான உறவு அதுதானே. தமிழகத்தில் பார்லி பெரிதாக விளையவில்லை, நீலகிரியில் படுகர்கள் பயிரிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அரிசியில் செய்தார்கள். அதற்குத் தோப்பி என்று பெயர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீட்டிலேயே காய்ச்சிய தோப்பியைக் குடிக்கிறார்கள். அதே நூலில் வலைஞர் வீட்டு மதுவின் செய்முறை முழுவதுமே இருக்கிறது. குத்தித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அகன்ற தட்டில் கொட்டி ஆறவைக்கிறார்கள். புற்றுக்குள் இருக்கும் கறையான் கூட்டைப் போலத் தோற்றமளிக்கும் ஒரு 'அடை'யை அதில் கலக்கிறார்கள், அதை முளையை இடித்துச் செய்தது என்று விளக்குவார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலுவான வாயுள்ள சாடியில் பச்சை வாடை போகும்வரை முதிர விட வேண்டும். பிறகு விரலால் அலசிப் பிழிந்து வடிகட்ட வேண்டும். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

முளையில் உள்ள நொதிகள் மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கும், அதற்குப் பிறகுதான் ஈஸ்ட் வேலை செய்ய முடியும். பியருக்கு மால்ட் செய்கிற வேலையும் இதுவேதான். ஆற வைத்த பிறகு கலக்க வேண்டும் என்ற குறிப்பு ரொம்ப முக்கியமானது, சூட்டில் போட்டால் எல்லாம் செத்துவிடும். பச்சை வாடை போக வேண்டும் என்பதும் ஒரு நடுவரின் மூக்கு சொல்கிற விஷயம். முதிராத பியரில் பச்சை ஆப்பிள் வாசனை வருவதை இன்றும் குறையாகத்தான் எழுதுகிறார்கள்.

உலகத்தின் இன்னொரு மூலையிலும் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது. கி.மு. 401-ல் தோற்ற படையோடு ஆர்மீனிய மலைகள் வழியாகத் திரும்பிய கிரேக்கர் செனபோன், அங்கே கிராமத்து வீடுகளில் பார்லியில் செய்த 'வைன்' குடித்ததை எழுதி வைத்திருக்கிறார். தானியம் மேலே மிதக்க, நாணல் குழலால் உறிஞ்சிக் குடித்தார்களாம். தண்ணீர் கலக்காவிட்டால் மிகவும் கடுமை, பழகியவர்களுக்கு நல்ல சுவை என்பது அவர் தீர்ப்பு. பார்லி வைன் என்ற பெயருக்கும் அவர் எழுதியது ஒரு பழைய முன்மாதிரி. அவர் ஒரு தளபதி, வன்பரணர் ஒரு புலவர். இருவருக்கும் மலைவாசிகள்தான் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஓரியின் கதை அதிகநாள் நீடிக்கவில்லை. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டதாக அகநானூறு 209 சொல்கிறது. வேரியும் தோப்பியும் எப்போது வழக்கிலிருந்து போயின என்பதற்கு அப்படித் தேதி போட்ட பாட்டு கிடையாது. 1889-ல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டையும் 1894-ல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தபோது தோப்பி என்ற சொல்லுக்கு உரை தேவைப்பட்டது, சமையலறையில் அது இல்லை.

அச்சிலேறி அரை நூற்றாண்டுகூட ஆகவில்லை, 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுத்த மாவட்டம் சேலம். கொல்லிமலை அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது (நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997-ல்தான்). அதாவது, விருந்தாளிக்கு மது ஊற்றிக் கொடுத்ததற்காகப் புலவர் பாடிய மலை, மாகாணத்திலேயே முதலில் மது விலக்கப்பட்ட இடங்களில் ஒன்றானது. வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி விற்பனை வரியைக் கொண்டுவந்தார், வரி இன்றுவரை வேறு பெயர்களில் நிலைத்துவிட்டது. மதுவிலக்கு அப்படி நிலைக்கவில்லை. 1948-ல் மாகாணம் முழுக்கப் பரவி, 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மறுபடி தளர்ந்தது. கள்ளுக்கு 1987 முதல் தடை. 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில்.

குடிப்பழக்கம் மலைக் குடும்பங்களைச் சிதைப்பதை மறுக்க முடியாது, ராஜாஜி தொடங்கியதற்கும் காரணம் இருந்தது. ஆனால் விளைவைப் பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. ஆலையில் வரும் பிராந்தி சட்டப்படி செல்லும், வீட்டில் அரிசியிலோ தேனிலோ நொதிக்க வைப்பது செல்லாது. எது நல்ல மது என்று மூக்காலும் நாக்காலும் தீர்மானிக்கிற பழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. போதை ஏறுகிறதா என்ற ஒரே கேள்விதான் மிச்சம். வன்பரணரின் உவமை மாணவர்களுக்கு வெறும் உவமையாகப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். உவமைக்குப் பின்னால் இருந்த பொருளை யாரும் பார்த்ததில்லை.

தானியமும் குறைந்துவிட்டது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி வந்தது, கிழங்கு மாவு ஆலைகள் பணம் கொடுத்து வாங்கின. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைச் சிறுதானியங்களின் விதைகளைக் காக்கவும் அவற்றிலிருந்து மாவு, சத்துமாவு போன்றவற்றைச் செய்து விற்கவும் மலையாளிப் பழங்குடி மக்களோடு சேர்ந்து வேலை செய்தது.

இதே கேழ்வரகு சிக்கிமில் வேறு விதமாக வாழ்கிறது. அங்கே அதை வேகவைத்து, ஆறவிட்டு, நொதியூட்டி, மாதக்கணக்கில் முதிர வைக்கிறார்கள். குடிக்கும்போது மூங்கில் குவளையில் அந்தத் தானியத்தை நிரப்பி மேலே வெந்நீர் ஊற்றி, மெல்லிய மூங்கில் குழலால் உறிஞ்சுகிறார்கள். தோங்பா என்று பெயர். வெந்நீர் ஆறி, சாறு தீர்ந்ததும் இன்னொரு முறை வெந்நீர் ஊற்றுவார்கள். பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் வீட்டு மதுவைச் சொல்லும் இடத்திலும் 'வெந்நீர்' என்ற சொல் வருகிறது. உரைகாரர்கள் அதை வெம்மையான தன்மை என்று சுற்றிவளைத்துப் பொருள் சொல்வார்கள். நேராகவே வெந்நீர் என்று படித்தால், முதிர்ந்த களியில் வெந்நீர் விட்டு விரலால் அலசி வடித்தார்கள் என்றாகிறது. தோங்பா குடித்த ஒருவருக்கு அதற்கு உரையே தேவைப்படாது.